அதே பஸ்கி, அதே பிளாங்க்... சில வொர்க்அவுட் வீடியோக்கள் மட்டும் ஏன் மறுநாளும் நம்மை இழுக்கின்றன?

யூடியூபில் 'ஹோம் வொர்க்அவுட்' என்று தேடினால் வந்து விழும் வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் இருப்பது என்னவோ அதே பத்துப் பதினைந்து பயிற்சிகள்தான். பஸ்கி, தண்டால், பிளாங்க், லஞ்ச், பர்பீ என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று ஊற்றுவதுபோல.

ஆனாலும் ஒரு வீடியோவை மூன்றாவது நிமிடத்திலேயே மூடிவிடுகிறோம். இன்னொன்று மூச்சு வாங்க வைக்கிறது, வியர்வையில் குளிப்பாட்டுகிறது, 'போதும்டா சாமி' என்று தரையில் உட்கார வைக்கிறது. மறுநாள் காலையில் அதையேதான் மறுபடி தேடிப் போகிறோம்.

என்ன வித்தியாசம்? பெரும்பாலும் அது பயிற்சியில் இல்லை, சொல்லிக்கொடுப்பவரிடம் இருக்கிறது. அவர் எப்படிப் பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார், நம்மால் முடியாத இடத்தில் நம்மை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

'லான்செட் குளோபல் ஹெல்த்' ஆய்விதழில் 2024 ஜூனில் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியாவில் வயது வந்தோரில் 49.4 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. அதாவது, கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். 2000-ல் இது 22.3 சதவீதமாக இருந்தது. இதே வேகத்தில் போனால் 2030-ல் 60 சதவீதத்தைத் தொடும் என்கிறது அந்த ஆய்வு. உலக சராசரி சுமார் 31 சதவீதம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். காலையில் சமையல், பிள்ளைகள், ஆபீஸ். மாலையில் டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேரவே எட்டு மணி. ஜிம் கட்டணம் ஒரு பக்கம், அங்கே யார் பார்ப்பார்களோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இருட்டிய பிறகு வாக்கிங் போக எல்லாத் தெருவும் தோதாக இல்லை. இவர்களில் பலருக்கு, வீட்டு ஹாலும் ஒரு போனும்தான் கைக்கு எட்டுகிற ஜிம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு இது. 25 நிமிடக் கடினமான வீடியோவை வாரத்துக்கு மூன்று நாள் செய்தாலே 75 நிமிடம் வந்துவிடும். அதிலேயே தசைப் பயிற்சியும் கலந்திருந்தால் இரட்டை லாபம்.

ஆக, ஒரு வீடியோ பிடித்துப்போவது வெறும் ரசனை சமாச்சாரம் இல்லை. பிடித்தால்தான் நாளைக்கும் செய்வோம். நாளைக்கும் செய்தால்தான் பலன்.

டிவியில் ஒரு நாற்காலி... அங்கேதான் ஆரம்பம்

இது யூடியூப் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1951-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், ஜாக் லாலேன் என்பவர் உள்ளூர் டிவியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். பெரிய உபகரணம் எதுவும் கிடையாது. வீட்டில் கிடக்கும் நாற்காலியை வைத்தே பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 'ஹேப்பி' என்ற வெள்ளை நாயையும் நிகழ்ச்சிக்குக் கூட்டி வந்தார். நாயைப் பார்க்கக் குழந்தைகள் டிவி முன் வருவார்கள், அப்படியே அம்மாவையும் இழுத்து வருவார்கள் என்பது கணக்கு. நிகழ்ச்சி 1985 வரை ஓடியது!

அடுத்த பெரிய திருப்பம் 1982. ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா தன் 'வொர்க்அவுட்' வீடியோ கேசட்டை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 44. சினிமா இல்லாத ஒரு கேசட் அப்படி விற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்தடுத்து வந்த கேசட்டுகளையும் சேர்த்து 1.7 கோடி பிரதிகள் விற்றன. சினிமா கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். உடற்பயிற்சி கேசட்டை அப்படிச் செய்ய முடியாது, தினமும் போட்டுப் பார்க்க வேண்டும், அதனால் சொந்தமாக வாங்கினார்கள். 'திரும்பத் திரும்பப் பார்ப்பது' என்பதுதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம்.

பிறகு வந்தார் ரிச்சர்ட் சிம்மன்ஸ். சுருட்டை முடி, பளபளக்கும் சட்டை, குட்டை டிரவுசர். சிறு வயதில் தானே அதிக எடையோடு இருந்தவர். 1988-ல் தொடங்கிய அவருடைய பிரபலமான தொடரில், பழைய பாட்டுகளுக்கு அவரோடு ஆடியவர்கள் சிக்ஸ் பேக் மாடல்கள் கிடையாது. எல்லா அளவிலும் உடல் கொண்ட சாதாரண மனிதர்கள். 'நம்மளை மாதிரி ஒருத்தர் திரையில இருக்காரே' என்ற எண்ணத்தை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 2024 ஜூலையில் அவர் இறந்தபோது வந்த இரங்கல்களில், தங்களைக் கேலி செய்யாமல் நடத்தியவர் என்பதற்காகவே அவரை நினைவுகூர்ந்தவர்கள் பலர்.

1990களின் கடைசியில், டேக்வாண்டோவையும் பாக்ஸிங்கையும் கலந்து 'டே-போ' என்ற பெயரில் பில்லி பிளாங்ஸ் கலக்கினார். அதோடு இன்னொரு கதவும் திறந்தது. 'ஈஸியா பண்ணலாம்' என்பதற்குப் பதிலாக, 'இது கஷ்டம், உன்னால முடியுமா?' என்று கேட்பதே விளம்பரம் ஆனது.

'கஷ்டம்' எப்போது பிராண்ட் ஆனது?

2000களின் நடுவில் டோனி ஹார்ட்டனின் 'பி90எக்ஸ்' வந்தது. 90 நாள் திட்டம். 2008-ல் ஜிலியன் மைக்கேல்ஸின் '30 டே ஷ்ரெட்'. மூன்று நிமிடம் தசைப் பயிற்சி, இரண்டு நிமிடம் கார்டியோ, ஒரு நிமிடம் வயிற்றுப் பயிற்சி என்று சுற்றிச் சுற்றி ஓடும். 2009-ல் ஷான் டி-யின் 'இன்சானிட்டி'. 60 நாள். பொதுவாக இன்டர்வல் பயிற்சி என்றால் கொஞ்ச நேரம் வேகம், அதிக நேரம் ஓய்வு. ஷான் டி அதைத் தலைகீழாகத் திருப்பினார். நிமிடக்கணக்கில் முழு வேகம், நடுவே சில நொடிகள் மட்டும் ஓய்வு.

'இன்சானிட்டி'யில் பலருக்கும் நினைவில் நிற்பது ஒரு விஷயம். வீடியோவில் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் கட்டுமஸ்தான ஆட்கள். அவர்களே நடுவில் நின்றுவிடுவார்கள், முழங்காலில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்குவார்கள். அதை எடிட்டிங்கில் வெட்டவில்லை. பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! 'அவங்களுக்கே முடியலைன்னா, நான் நின்னதுல தப்பே இல்ல.'

ஜிலியனின் வீடியோவிலும் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அவருடன் இரண்டு பெண்கள் இருப்பார்கள். ஒருவர் எளிய வடிவத்தைச் செய்வார், இன்னொருவர் கடினமான வடிவத்தை. முதல் வாரம் முதலாமவரைப் பார்த்துச் செய்யலாம், மூன்றாவது வாரம் இரண்டாமவர் பக்கம் கண்ணைத் திருப்பலாம். ஒரே வீடியோவில் ஏறுவதற்கு ஒரு படி கிடைத்துவிடுகிறது.

இந்த வீடியோக்கள் கடன் வாங்கிய பயிற்சிகளுக்கும் சுவாரஸ்யமான பின்கதைகள் உண்டு. எல்லோரும் திட்டிக்கொண்டே செய்யும் பர்பீயை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ராயல் பர்பீ என்ற அமெரிக்கர், ஒருவரின் உடல்தகுதியைச் சோதிக்க உருவாக்கியது அது. நான்கே நான்கு முறை செய்துவிட்டு, இதயத் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய சோதனை. இன்றைக்கு வீடியோக்களில் நூறு பர்பீ சேலஞ்ச் ஓடுகிறது!

'டபாட்டா' கதையும் அப்படித்தான். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி சைக்கிளில் 20 நொடி உச்ச வேகம், 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டு சுற்றுகள். மொத்தம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் தாங்காது என்ற அளவுக்குத் தீவிரம். அதே பெயரில் அரை மணி நேரம் ஓடும் வீடியோக்கள் நல்ல பயிற்சியாக இருக்கலாம். ஆனால் கடிகார கணக்கு மட்டும்தான் டபாட்டாவுடையது, தீவிரம் வேறு.

நான்கு வகை ஆசான்கள்

பேர்கள் ஆயிரம் இருந்தாலும், திரையில் நிற்பவர்களின் பாணியை ஏறக்குறைய நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அதட்டுபவர்கள். 'நிறுத்தாதே', 'இதுக்குத்தான் வந்தியா' என்று விரட்டும் பாணி. ஸ்கூல் பி.டி. வாத்தியாரை நினைவுபடுத்துவார்கள். ஜிலியன் மைக்கேல்ஸ் இந்தப் பாணிக்குப் பெயர் பெற்றவர். சோம்பலான காலையில் சிலருக்கு இந்தக் குரல்தான் வேலை செய்கிறது. சிலருக்கோ ஆபீஸ் மேனேஜர் ஞாபகம் வந்து, போனையே கவிழ்த்து வைத்துவிடத் தோன்றுகிறது.

இரண்டாவது வகை, கலகலப்பானவர்கள். பிரிட்டனின் ஜோ விக்ஸ் நல்ல உதாரணம். 2020 மார்ச்சில் ஊரடங்கால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் அடைபட்ட குழந்தைகளுக்காகக் காலை 9 மணிக்கு யூடியூப் நேரலையில் உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினார். மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 9,55,185 பேர் அதைப் பார்த்தது கின்னஸ் சாதனை ஆனது. வெள்ளிக்கிழமைகளில் மாறுவேடம் போட்டுக்கொண்டு குதித்தார். அவரே மூச்சு வாங்குவார், சிரிப்பார், பார்ப்பவர்களின் பெயர்களைப் படித்து வணக்கம் சொல்வார். கஷ்டத்தை விளையாட்டாக மாற்றும் வித்தை அது.

மூன்றாவது வகை, பேசாதவர்கள். ஜெர்மனியின் பமேலா ரைஃப், வடக்கு அயர்லாந்தின் கரோலின் கிர்வன் போன்றவர்கள். திரையில் ஒரு டைமர், அடுத்த பயிற்சிக்கான சின்ன முன்னோட்டம், ஒரு 'பீப்' சத்தம், அவ்வளவுதான். பார்க்க அமைதி, செய்தால் உயிர் போகும். நாள் முழுக்க மீட்டிங்கில் அடுத்தவர் பேச்சைக் கேட்டே களைத்தவர்களுக்கு இந்த மௌனம் பெரிய வரம். மொழிப் பிரச்சினையும் கிடையாது. ஆங்கிலம் சரளமாகத் தெரியாத ஒருவருக்கும் கொரியாவில் இருக்கும் ஒருவருக்கும் அந்த வீடியோ ஒன்றேதான். ஆனால் முதுகை எப்படி வைப்பது, முழங்கால் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. அடிப்படை தெரிந்தவர்களுக்கே இது தோது.

நான்காவது வகை, தோழமையானவர்கள். அமெரிக்காவின் ஏட்ரியன் மிஷ்லர் 2012-ல் தொடங்கிய யோகா சேனலுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான சப்ஸ்கிரைபர்கள். ஜனவரி வந்தால் 30 நாள் தொடர் வெளியிடுவது வழக்கம். 'உங்களுக்கு எது சரியாக இருக்கிறதோ அதைச் செய்யுங்கள்' என்பதுதான் அவருடைய பாணியின் சாரம். இதில் கஷ்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிளாங்கில் நிற்கும்போது பொறுமையாகப் பேசிக்கொண்டே அவர் ஒரு நிமிடத்தைக் கடத்திவிடுவார், நமக்குத்தான் கை நடுங்கும்.

எந்த வகை சிறந்தது? அப்படி ஒரு தரவரிசை கிடையாது. திங்கட்கிழமைக்கு ஒருவர், வெள்ளிக்கிழமைக்கு இன்னொருவர் என்று மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த நான்கிலும் 'நல்லவர்'களை ஒன்றுசேர்க்கும் ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அறிவியல் பக்கம் போக வேண்டும்.

கஷ்டம் எப்படிப் பிடிக்கிறது?

உடற்பயிற்சி உளவியலில் பான்டெலைமோன் எக்கெக்காகிஸ் என்ற ஆய்வாளரின் பணி முக்கியமானது. அவர் சொல்வது சுருக்கமாக இது: மிதமான வேகத்தில் பெரும்பாலோருக்கு உற்சாகம் வரும். மூச்சு தாறுமாறாக ஏறும் எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்குமே அந்த நேரத்தில் பிடிக்காமல் போகும். நிறுத்திய உடனே மனநிலை சட்டென்று மேலே எழும். 'அப்பாடா' என்ற அந்த உணர்வுதான் கடின வீடியோக்களின் போனஸ்.

அதாவது, கஷ்டமான வொர்க்அவுட்டை நாம் ரசிப்பது பெரும்பாலும் அது நடக்கும்போது அல்ல, முடிந்த பிறகு. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. எக்கெக்காகிஸ் உள்ளிட்டோர் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழு மெதுவாகத் தொடங்கிக் கடினமாக முடித்தது. இன்னொரு குழு கடினமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து முடித்தது. பின்னால் நினைத்துப் பார்க்கும்போது, இரண்டாவது குழுவுக்கே அந்தப் பயிற்சி அதிக இனிமையாகத் தோன்றியது. அடுத்த முறையும் நன்றாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

இதை வைத்து ஒரு வீடியோவை எடை போட்டுப் பாருங்கள். வார்ம்-அப் முடிந்ததும் கஷ்டமானதை முன்னால் வைத்து, கடைசி ஐந்து நிமிடத்தைத் தணித்து, ஸ்ட்ரெச்சிங்கில் முடிப்பவர் நம் நினைவில் நல்ல ருசியை விட்டுப் போகிறார். கடைசி நொடிவரை பர்பீ போடவைத்து, 'பை' சொல்லிவிட்டு மறைபவர் மறுநாள் நம்மை இழப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

திரையில் இருப்பவரோடு நமக்கு உண்டாகும் உறவும் இதில் சேர்கிறது. டிவி காலத்தின் தொடக்கத்திலேயே, 1956-ல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அறிஞர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'பாராசோஷியல்'. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கோ அவர் ஏதோ தெரிந்தவர் போல. தினமும் 25 நிமிடம் நம் கண்ணைப் பார்த்து 'இன்னும் பத்தே செகண்ட்தான், விட்டுடாதீங்க' என்று ஒருவர் சொன்னால், அந்த நெருக்கம் உண்டாகத்தானே செய்யும்?

அந்த நெருக்கம் உடலிலும் வேலை செய்கிறது. 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பெர்லின் துடுப்புப் படகு கிளப் வீரர்களிடம் ஒன்றைக் கவனித்தார். தன்னைவிடக் கொஞ்சம் பலசாலியான ஒருவரோடு சேர்ந்து எடை தூக்கும்போது, பலம் குறைந்தவர் தனியாகத் தூக்குவதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். 2011-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெபோரா ஃபெல்ட்ஸ் குழு, இதைத் திரையில் சோதித்துப் பார்த்தது. திரையில் தெரியும், தங்களைவிடக் கொஞ்சம் திறமையான கூட்டாளியோடு பிளாங்க் வகைப் பயிற்சிகளைச் செய்தவர்கள், தனியாகச் செய்தவர்களைவிடச் சுமார் 24 சதவீதம் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை, 'கொஞ்சம்'. கூட்டாளி எட்டவே முடியாத உயரத்தில் இருந்தால் அந்த விளைவு மங்கிவிடுகிறது. வியர்க்காமல், மேக்கப் கலையாமல், புன்னகை மாறாமல் ஐம்பது தண்டால் எடுப்பவரைப் பார்த்தால் உத்வேகம் வருவதைவிட எரிச்சல் வருவது இதனால்தான்.

மூன்றாவது விஷயம், சுதந்திரம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்களின் கோட்பாட்டின்படி, ஒரு செயலில் மனிதர்கள் நீடிக்க மூன்று தேவை: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, யாரோ கூட இருக்கிறார்கள் என்ற உணர்வு. 'முழங்கால் வலிச்சா குதிக்காம நடங்க' என்று சொல்பவர் முதலாவதைத் தருகிறார். போன வாரம் எட்டு, இந்த வாரம் பன்னிரண்டு என்று நம்மைக் கவனிக்க வைப்பவர் இரண்டாவதைத் தருகிறார். கூடவே மூச்சு வாங்குபவர் மூன்றாவதை.

நல்ல பயிற்சியாளர்களின் பொதுக் குணம் இதுதான். எவ்வளவு கடினமான வீடியோவாக இருந்தாலும், வெளியே வர ஒரு வழியைத் திறந்தே வைத்திருப்பார்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால், உள்ளே இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கத் தோன்றுகிறது.

அப்போ அதட்டல் தப்பா?

அதட்டலுக்கும் அவமானத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்ற விவாதம் 2025-ல் மறுபடி சூடானது. காரணம், ஆகஸ்டில் வெளியான நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடர். 2004-ல் அமெரிக்க டிவியில் தொடங்கிய எடை குறைப்புப் போட்டியான 'தி பிக்கெஸ்ட் லூசர்' பற்றியது. பயிற்சியாளர்கள் போட்டியாளர்களின் முகத்துக்கு நேரே நின்று கத்துவது அந்த நிகழ்ச்சியின் அடையாளக் காட்சி. அங்கே தாங்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி முன்னாள் போட்டியாளர்கள் அந்தத் தொடரில் கேள்வி எழுப்பினார்கள்.

அந்தப் போட்டியின் நீண்டகால விளைவு ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 14 போட்டியாளர்களை ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. நான்கு பேர் போட்டிக்கு முன் இருந்ததைவிட அதிக எடையில் இருந்தார்கள். ஓய்வில் அவர்களின் உடல் செலவழிக்கும் கலோரியும் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. இதற்குக் காரணம் அதட்டல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'கத்தி விரட்டினால் மாறிவிடுவார்கள்' என்ற டிவி கதையில், கேமரா அணைந்த பிறகான ஆறு ஆண்டுகள் இல்லை என்பது தெளிவு.

'எழுந்திருங்க, இன்னும் ரெண்டு இருக்கு' என்பது அதட்டல். அதைச் சிரித்துக்கொண்டே ஏற்கலாம். 'இந்த உடம்பை வெச்சுக்கிட்டு வெக்கமா இல்லையா' என்பது அவமானம். அதைக் கேட்டுக்கொண்டு யாரும் நெடுநாள் உடற்பயிற்சி செய்ய மாட்டார்கள், செய்யவும் வேண்டாம்.

தம்ப்நெயில் சொல்லும் பொய்

இந்த வீடியோக்களில் பெரிய ஏமாற்றம் உள்ளே இருக்கும் பயிற்சியால் வருவதில்லை, வெளியே எழுதியிருக்கும் தலைப்பால் வருகிறது. 'இரண்டே வாரத்தில் வயிற்றுத் தசை', 'பத்து நாளில் தொப்பை காலி', 'தொடைக் கொழுப்பை மட்டும் கரைக்க'... 2019-ல் ஆஸ்திரேலிய யூடியூபர் குளோயி டிங் வெளியிட்ட இரண்டு வார சேலஞ்ச், 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கப் பரவியது. லட்சக்கணக்கான பேரை இலவசமாகத் தரையில் படுத்து வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 'இரண்டு வாரம்' என்ற வாக்குறுதி?

குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கொழுப்பைக் கரைக்க முடியுமா என்பதை 1971-லேயே ஓர் ஆய்வு சுவாரஸ்யமாகச் சோதித்தது. டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். வருடக்கணக்கில் ராக்கெட் பிடித்த கையில் தசை அதிகம் இருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

ஆக, 14 நாளில் கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று வீடியோவை விட்டுவிடுபவர் தோற்கவில்லை. அவருக்குத் தவறான தேதி கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் இரண்டு மூன்று வாரத்தில் தெரியக்கூடியது வேறு. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறையும், தூக்கம் சரியாகும், முதல் நாள் பாதியில் நின்ற வீடியோவை முழுசாக முடிக்க முடியும். வேறு எந்த அளவுகோலும் இல்லாமல் இதை மட்டும் கவனித்தாலே தொடர்வது சுலபமாகிறது.

நம்ம வீட்டு ஹாலுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒருமுறை உட்கார்ந்து, ஓட்டிவிட்டுப் பாருங்கள். வார்ம்-அப் இருக்கிறதா? கடைசியில் தணித்து முடிக்கிறார்களா? ஒவ்வொரு கடின அசைவுக்கும் எளிய மாற்று காட்டுகிறார்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நம்பித் தொடங்கலாம்.

கஷ்டத்தின் அளவை உங்கள் மூச்சு சொல்லும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அதிக தீவிரம். வீடியோவின் தலைப்பில் 'பிகினர்' என்று போட்டிருந்தாலும், உங்கள் மூச்சு சொல்வதே கணக்கு. திரையின் மூலையில் ஓடும் கலோரி எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எடையோ வயதோ அந்த எண்ணுக்குத் தெரியாது.

இந்த வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி ஸ்டுடியோவில், மர வேலைப்பாடு கொண்ட தரையில் எடுக்கப்படுபவை. மே மாதச் சென்னை ஹாலில், டைல்ஸ் தரையில் நிலைமை வேறு. வியர்வை சொட்டிய டைல்ஸ் வழுக்கும் என்பதால் வழுக்காத மேட் அவசியம். வெயில் ஏறுவதற்கு முன் செய்வது, நடுவே தண்ணீர் குடிப்பது, அதிகப் புழுக்கமான நாளில் வேகத்தைக் குறைப்பது நல்லது. அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக்காரர் இருக்கிறார் என்றால், குதிக்காமல் செய்யும் 'லோ இம்பாக்ட்' வீடியோக்களைத் தேடலாம். அவற்றில் பலவும் கஷ்டத்தில் குறைந்தவை அல்ல.

திரையில் இருப்பவரால் உங்கள் முதுகு வளைவதைப் பார்க்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டைப் படம் பிடித்து, வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய தீர்வு.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டே கடின வீடியோக்களுக்குப் போக வேண்டும். பயிற்சியின் நடுவே நெஞ்சு வலி, தலைசுற்றல், மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெற வேண்டும். பழக்கமில்லாத உடல் அளவுக்கு மீறிச் செய்த பிறகு, கடுமையான தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண உடம்பு வலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. வீடியோ முடிந்ததும், 'எத்தனை கலோரி போச்சு' என்று கேட்பதற்குப் பதிலாக, 'நாளன்னைக்கு இவரோட மறுபடி செய்வேனா' என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் 'ம்' என்று பதில் வந்தால், உங்களுக்கான ஆசான் கிடைத்துவிட்டார். 'ஐயோ' என்று வந்தால், அடுத்த வீடியோவுக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை.